மூணுன்னா முடியாதும்மா

சுகாசினிக்கு மூன்று பிள்ளைகள். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள் மாதிரிதான் ஊரே அவளிடம் பேசியது. "ஒண்ணுன்னா பாத்துக்குவேன், மூணுன்னா முடியாதும்மா" என்று, வேலைக்குப் போகிற நேரத்துக்குப் பிள்ளைகளை விட அவள் ஊரான ஐயம்பேட்டையில் கேட்ட வீடெல்லாம் கையை விரித்தது. கடைசியில் ஒப்புக்கொண்ட தையல்நாயகிக்குப் பிள்ளைகள் மேல் பிரியம்தான்; சாமி மேல் அதைவிடப் பிரியம். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் சாமிக்கா பஞ்சம்? வரதர் புறப்பட்டாலும் ஏகாம்பரர் புறப்பட்டாலும் இவளும் கூடவே புறப்பட்டுவிடுவாள். காலையில் பிள்ளைகளோடு போய் நின்றால் கதவில் பூட்டு தொங்கும். போன் போட்டால் நாதஸ்வரம் கேட்கும்.

கணவன் லோகேஸ்வரன் லாரியோடு ஓசூர் பக்கமோ ஓங்கோல் பக்கமோ இருப்பான். எதைச் சொன்னாலும் "நீயே பாத்து ஏதாவது பண்ணு சுகா" என்பான். பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது. ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆக்குகிற பேச்சு வரும்போதெல்லாம் அவள் போட்ட லீவெல்லாம் குறுக்கே வந்து நிற்கும்.

அப்புறம்தான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வடிவாம்பாள் கிடைத்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்குள்ளேயே தறி நெய்கிறவர்கள், எங்கேயும் அசைய மாட்டார்கள். "மூணா? இருக்கட்டுமே" என்றாள். மூத்தவள் சிம்ரனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தாள். ஐந்து வயது தனுஷுக்கு வேளைக்குச் சோறு. சின்னவள் அகிலாவுக்குத் தறிக்குப் பக்கத்திலேயே ஏணை.

ஆனால் கம்பெனி ஒரு திசை, வடிவாம்பாள் வீடு எதிர்த் திசை. தினமும் ஷேர் ஆட்டோவில் மூன்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் வந்து இறக்கிவிட்டு, கம்பெனி பஸ் ஏறித் தன் ஊர் வழியாகவே திரும்பிப் போக வேண்டும். ஜன்னலில் தன் தெருமுனை தெரியும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு லீவும் போடாமல் ஓட்டினாள். பர்மனென்ட் இன்டர்வியூவுக்குப் பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட வந்தால், வடிவாம்பாள் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

"தனுசுக்கு அம்மா வாத்திருக்குதுமா" என்றாள் வடிவாம்பாள் உள்ளே இருந்தபடியே. "நர்சம்மா வந்து பாத்துட்டுப் போச்சு. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

"ஐயோ! ஆட்டோ சொல்றேங்கா, வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்."

"எங்க இட்டுக்கினு போவ? ஆத்தா வந்து உக்காந்த வூட்ட வுட்டுப் புள்ளய வெளிய அனுப்புவாங்களா? தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் மூணும் இங்கதான். நீயும் வர்றதுன்னா வா. ஆனா உள்ள வந்துட்டு வெளிய போகக்கூடாது. வேலைக்குப் போறதுன்னா வாசல்லயே நின்னுக்கோ."

சுகாசினிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை நாள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுகிறவர்களோடு மல்லுக்கு நின்றாயிற்று. இப்போது விடவே மாட்டேன் என்கிறவளோடு நிற்க வேண்டுமா?

"எம்புள்ளய நான் பாக்கக்கூடாதாக்கா? எந்தக் காலத்துல இருக்கிறீங்க?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

வடிவாம்பாளுக்குக் கோபமே வரவில்லை. "யாரும்மா வேணான்னது? உள்ள வந்து பாரேன்."

உள்ளே போனால் நாளைய இன்டர்வியூ அதோகதி. மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று என்ன நிச்சயம்? போகாவிட்டால் அவள் என்ன தாய்? லோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். "நீயே பாத்து" என்று அவன் ஆரம்பித்ததுமே கட் பண்ணினாள். இன்டர்வியூ எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா, உள்ள வராத."

பாயில் படுத்திருந்த தனுஷ் தலையைத் தூக்கிப் பார்த்தான். முகமெல்லாம் கொப்புளம்.

"வந்தா நாளைக்கு வேலைக்கு வுட மாட்டாங்க. அப்புறம் பர்மனென்ட்டு பூடும்மா."

அந்த வார்த்தையை வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் புலம்பியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு இப்படி மனப்பாடம் ஆகியிருக்கும்! அதுவரை வடிவாம்பாள் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் தன் மேலேயே திரும்பியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொள்ளத்தான் கை பரபரத்தது. தனுஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனியில், கண்ணாடி போட்ட அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு சின்னப் பசங்கன்னு சொல்றீங்க. லீவு போடாம வருவீங்களா? பசங்க உங்கள தேடாதா?"

"தேடாது சார்" என்றாள் சுகாசினி.

அவளைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள்.