யாரும் படுக்காத கட்டில்

இடையன் இலாரியே வென்றவை இவை: மொழி தெரியாத நாட்டில் ஒரே முதலாளியிடம் பதினோரு ஆண்டு வேலை, ஒரு கோடை முழுக்க ஓநாய்க்கு ஒரு குட்டியைக்கூடப் பறிகொடுக்காத பெயர், இத்தாலியின் அப்ருஸ்ஸோ மலையடிவாரத்தில் ஒரு விலாசம், அந்த விலாசத்தின் பேரில் நல்லபடியாக முடிந்த குடலிறக்க அறுவை. ஓநாய்களை நாய்கள் பார்த்துக்கொண்டன. விலாசத்தை அவன் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ருமேனியாவில் சிபியு பக்கத்து இடையர் குடும்பம் அவனுடையது. பனியில் சிக்கிய ஒரு சினையாட்டைத் தூக்கி வந்த நாளில் அடிவயிற்றில் ஏதோ நழுவியது. இடையர்கள் கட்டும் அகலத் தோல்பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டு ஆட்டை ஓட்டினான். ஈஸ்டருக்கு ஊர் போனபோது டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடல் முறுக்கிக்கிட்டா சில மணி நேரம்தான். மலைமேல இருந்தா உன்னைக் கீழ கொண்டாரவே நேரம் பத்தாது."

"அப்ப இங்கயே செஞ்சிடுங்க, டாக்டர்."

"நீ இந்த ஊர்ல காப்பீடு கட்டுறதில்லையே, இத்தாலிக்காரா. அங்க போய்க் கேளு."

அங்கே போய்க் கேட்டான். கவுண்டர் அம்மாள் கணினியைத் தட்டினாள். "இங்க குடியிருக்கிறதா பதிவு இல்லையே. உங்க ஊர்லயே செஞ்சுக்கலாமே, ருமேனியாக்காரரே."

ஒரே ஒன்றியம், ஒரே கொடி, எல்லையில் பேருந்துகூட நிற்பதில்லை. ஆனால் அவன் வயிறு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

முதலாளி தொனாத்தோ, குளிர்காலப் பட்டியை ஒட்டியிருந்த கல்வீட்டை அவன் குடியிருக்க எழுதிக் கொடுத்தார். பதிவுக்கு மனுப் போட்டால், ஊர்க் காவலர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆள் நிஜமாகவே அங்கே வாழ்கிறானா என்று பார்ப்பார். முதல் முறை வந்தபோது இலாரியே மந்தையோடு உச்சிமலையில் இருந்தான். கதவு பூட்டியிருந்தது. மனு தள்ளுபடி.

அக்டோபரில் மந்தை இறங்கியதும் மறுபடி மனுப் போட்டான். இந்த முறை விடக்கூடாது என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். கட்டில் வாங்கினான். ரோமில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சவேத்தா அனுப்பிய சிவப்புக் கம்பளியை விரித்து, ஆறு தலையணைகளைக் கூரை தொட அடுக்கினான். தான் மட்டும் வழக்கம்போலப் பட்டியில் வைக்கோல்மேல் படுத்தான்.

காவலர் பியொரெல்லா ஒரு விடியற்காலையில் வந்தாள். தலையணைக் கோபுரத்தைப் பார்த்தாள். அடுப்பில் கை வைத்தாள், சில்லென்றிருந்தது.

"நீங்க எங்க தூங்குறீங்க?"

பொய் சொல்லத் தெரியாதவன், பட்டியைக் காட்டினான்.

"அப்ப இந்தக் கட்டில்?"

"வர்றவங்களுக்கு. உங்களுக்காகத்தான் விரிச்சேன்மா."

அவள் அறிக்கையில் எழுதிக்கொண்டு போனாள்: அந்த வீட்டில் யாரும் வாழவில்லை.

தொனாத்தோ தலையில் அடித்துக்கொண்டார். "போப்பாண்டவரா வரப்போறாரு, இப்படி ஜோடிச்சு வச்சிருக்க?"

ஆனால் இலாரியேயின் ஊரில் எந்த வீட்டிலும் நல்ல அறையில் வீட்டுக்காரர் படுப்பதில்லை. அது விருந்தாளிக்கு. அதில் காலை நீட்டினால் மானம் போகும்.

சவேத்தா போனில் கத்தினாள். "டேய் மக்கு! அழுக்காக்குடா அந்த வீட்டை. சட்டையைக் கழட்டிப் போடு, வெங்காயத் தோலை இறை, அடுப்புல சாம்பல் கிடக்கட்டும்."

"விருந்தாளி வர்ற இடத்துலயாக்கா?"

"அவ விருந்தாளி இல்லடா. நீ உசுரோட இருக்கியான்னு பார்க்க வர்றவ."

மூன்றாவது மனு. நவம்பரிலிருந்து அவன் கட்டிலில் படுத்தான். அதைவிடப் பெரிய தண்டனை அவனுக்கு வாய்த்ததில்லை. பட்டியில் ஆடுகள் மூச்சு விடும், மணி கிணுங்கும், நாய் கால்மேல் சாயும். இங்கே நான்கு சுவரும் ஒரு மௌனமும். தன்னோடு யாரும் இல்லை என்பது அவனுக்குப் பதினோரு ஆண்டு கழித்து அந்த மெத்தையில்தான் தெரிந்தது. சோளக் கூழைத் தனியே கிண்டி, தட்டுக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டான். வலி எடுக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் நாயைக் கூப்பிட்டான்.

பேச்சுத் துணைக்காக மாலையில் அக்காவுக்குப் போன் போடுவான். கிழவர் தூங்கும் வரை அவளால் பேச முடியாது. அதனால் அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். "இதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கிட்டிரு. பொழுது போகும்." பள்ளி பார்க்காத கை, குடும்பப் பெயரின் 'எம்' எழுத்து ஆட்டுக்கொம்பு மாதிரி திருகிக்கொண்டது. ரொட்டி சுற்றி வந்த காகிதமெல்லாம் தீர்ந்தது.

பிப்ரவரியில், ஆலங்கட்டி பெய்த ஒரு மதியம், பியொரெல்லா வந்தாள். கொடியில் காலுறை சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் பாலாடைக்கட்டித் தோல். கட்டிலடியில் நாய் உறுமியது. சிவப்புக் கம்பளியில் ஆள் கிடந்த பள்ளம். இலாரியே வெட்கத்தில் தலை குனிந்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. வீடு இப்படிக் கிடக்கு."

"நல்லாவே கிடக்கு, இலாரியே" என்றாள் அவள். முதன்முறையாகப் பெயர் சொன்னாள்.

அடையாள அட்டைக்கு நகராட்சியில் கூப்பிட்டார்கள். குடியுரிமை ருமேனியா, குடியிருப்பு இந்த ஊர் என்று எழுத்தர் வாசித்துக் காட்டிவிட்டு, மை ஒற்றும் அட்டையை முன்னால் நகர்த்தினார். "போன மனுக்களில் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு இருக்கே. விரலை வைங்க."

"பேனா குடுங்க" என்றான் இலாரியே.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவன் அவசரப்படவில்லை. இலாரியே முந்தியான் என்று, கடைசி எழுத்து வரை, கோட்டைத் தாண்டாமல் எழுதினான். 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.