இரண்டு கைகளில் எழுதியவர்

நான் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஒரு வாரம் என் வண்டியில் ஒரு செல்போன் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான ஆள், எந்நேரமும் நனைந்த சட்டை. பேப்பர் மழையில் ஊறிவிடுகிறதென்று சிக்னல் அளவுகளை அழியாத பேனாவால் கையிலேயே எழுதிக்கொள்வார். ஒரே அலைவரிசையை மெல்லிய இழைகளாகப் பிரித்துப் பல போன்களுக்குப் பங்கிட இரண்டு முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய முறை இடது கையில், புதியது வலது கையில்.

"பழசுல எல்லா போனும் நேரம் தப்பாம பேசணும்ணே. ஒண்ணு பிந்தினா பக்கத்து இழையக் கெடுத்திரும். புதுசு கெடுக்காது, ஆனா சின்னச் சேதி போகவே நேரமாகும்."

போன மழையில் வெடிப்பு விட்ட மலைச்சரிவுக்குக் கீழேதான் என் மனைவியோடு முப்பது பெண்கள் ஏலக்காய் பறிக்கிறார்கள். முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"கதையெல்லாம் இருக்கட்டும் சார். மண்ணு சரிஞ்சா முப்பது பேரும் ஒண்ணா போன் போடுவாளுக. எது தாங்கும்?"

அவர் சட்டைக் கைகளை இறக்கிவிட்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். இரண்டு கைகளிலும் 'முப்பது போன்' என்ற கடைசி வரிக்கு எதிரே எண் இல்லை, இன்னும் அளக்கவில்லை என்று வெறும் கோடு.

பொய் சொல்லாததற்கு அவரை மதிப்பதா, வாயைத் திறக்காததற்குத் திட்டுவதா, இன்னும் தெரியவில்லை. இன்று காலையும் மழை. என் மனைவியை நானே ஏற்றிப்போய் அந்தச் சரிவுக்குக் கீழே இறக்கிவிட்டு வந்தேன்.