யாரு வரல?

எங்கள் வீட்டுக்காரர் பேஸ்பால் ஆடித்தான் சம்பளம் வாங்கினார். பட்டாபிராமில் இதை யாரிடம் சொன்னாலும், "கிரிக்கெட்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை என்றதும், ஜெயிலுக்குப் போய் வந்த ஆளைப் பற்றி விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவே, கம்பெனி டீம் என்றதும் கபடி என்று நினைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தொடையைத்தான் பார்த்தார்.

கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். முதலாளியின் பிள்ளை அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், வரும்போது படிப்போடு இந்த ஆட்டத்தையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆடத் தெரிந்த பையன்களைக் கான்ட்ராக்டில் எடுத்தார்கள். மதியம்வரை ஸ்டோர்ஸில் பெட்டி தூக்க வேண்டும், அப்புறம் ஆவடி பக்கத்து மைதானத்தில் பந்து பொறுக்க வேண்டும். டீமில் எவனுக்கு ஒரு இடம் சொந்தமாகிறதோ அவனுக்கு வேலை நிரந்தரம். எங்கும் எழுதி ஒட்டவில்லை என்றாலும் எல்லாருக்கும் இது தெரியும்.

ஆட்டத்தை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். மைதானத்தில் ஒரு சதுரம். ஒரு மூலையில் மட்டையோடு ஒருவன் அடிக்க நிற்பான். மற்ற மூன்று மூலைகளுக்கும் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று பெயர், மூலைக்கு ஓர் ஆள் காவல். செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் மூலையே இல்லாமல் இன்னொருவன் நிற்பான். அவன் ஷார்ட். பந்து அதிகம் அவனைத்தான் தேடி வரும். இந்த நாலு இடத்திலும் நிற்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டுக்காரர். அதுதான் அவர் செய்த பாவம்.

மேட்ச் அன்று மைதானத்துக்குள் போனதும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "யாரு வரல?" ஒருத்தனுக்கு மச்சினன் கல்யாணம், ஒருத்தனுக்கு நைட் ஷிப்ட், ஒருத்தனுக்கு வயிற்றுப்போக்கு. கார்த்திகை பிறந்து மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குக் கிளம்பிவிட்டால் பாதி சதுரம் காலி. யார் வரவில்லையோ அந்த இடத்தில் இவர் போய் நிற்பார். எல்லாரும் வந்துவிட்டால் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்காருவார். வாரம் ஓர் இடம். சொந்தமாக ஒரு ஜான் மண் கிடையாது.

டீம் மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். கம்பெனியில் ஆபீசர். மைதானத்தில் தொப்பி வைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுவதைத் தவிர அவர் வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போது இவர் தோளில் கை போட்டு, "நீ நம்ம டீமுக்கு உப்பு மாதிரி" என்பாராம். இவரும் வீட்டுக்கு வந்து, ஏதோ பட்டம் வாங்கி வந்தவர்போல் அதைச் சொல்லிப் பூரித்துப்போவார். உப்பை எவனாவது நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறானா? தீர்ந்துபோனால்தான் அதன் ஞாபகமே வரும். இதைச் சொன்னால் நான் வாய் நீளமானவள்.

அவருக்கு ஆசை ஷார்ட் மேல்தான். வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் தூக்கத்தில்கூட அந்தப் பக்கம்தான் புரண்டு படுப்பார். ஒரு வருஷம், ஷார்ட்டில் நின்றவன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இனி அது உன் இடம்தான் அண்ணாத்தே என்று டீமே சொன்னது. இவர் பந்து பிடிக்கிற தோல் கிளவுஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி வீடெல்லாம் பிசுபிசுப்பு. மொட்டை மாடியில் என்னை நிற்க வைத்து ரப்பர் பந்தைத் தரையோடு உருட்டி எறியச் சொல்வார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் தைத்துவிட்டு வந்த கையோடு நானும் எறிந்தேன். நாலு கைப்பிடிச் சுவருக்குள் குதிக்கிற பந்து ஒன்றையும் அவர் விடவில்லை. கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, குடும்பஸ்தர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்டார். வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சீசன் தொடங்குகிற வாரம் மேனேஜர் ஒரு காலேஜ் பையனைக் கூட்டிவந்து ஷார்ட்டில் நிறுத்தினார். இவர் தண்ணீர் கேன் பக்கத்துக்குத் திரும்பினார்.

நான் சும்மா இருப்பேனா? ஐயப்பன்தாங்கலில் இருந்த மேனேஜர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். டீ கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

"ஏன் சார், எங்க ஊட்டுக்காரருக்கு நாலு இடமும் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. அதுல ஒரு இடம் குடுக்க உங்களுக்கு மனசு வரலியா?"

அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். "நாலு இடமும் தெரிஞ்சவரை ஒரே இடத்துல போட்டா, மிச்ச மூணும் வீணாப்போயிடும்மா. அந்தப் பையனுக்கு ஷார்ட்டை விட்டா ஒண்ணும் தெரியாது, அதான் அங்க போட்டேன்."

ஒன்றும் தெரியாதவனுக்கு இடம், எல்லாம் தெரிந்தவனுக்கு நன்றி. இதற்கு இந்த ஆளுக்கு ஒரு படிப்பு, ஒரு தொப்பி, ஒரு கார். வாசலுக்கு வந்து காறித் துப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் கொட்டினேன். இவர், "அவரு சொல்றதுலயும் ஒரு நாயம் கீதுல்ல?" என்றார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பே போடவில்லை. அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

காலேஜ் பையனுக்கு அடுத்த வருஷமே வேலை நிரந்தரம். வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டினான், கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிட்டான். இவர் போய்ப் பந்தியில் பரிமாறிவிட்டு வந்தார். அங்கேயும் ஏதோ ஒருத்தன் வரவில்லையாம்.

அப்படியே வருஷங்கள் போயின. முட்டி தேய்ந்தது. குனிந்தால் நிமிர நேரமாயிற்று. இந்தத் தடவை கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழியனுப்பு மேட்ச் வைத்தார்கள். மைதானத்துக்கு வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். காலையில் அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

வாசலில் ஃபிளெக்ஸ். டீமில் ஒவ்வொருத்தன் படத்துக்குக் கீழும் அவன் நிற்கிற இடத்தின் பெயர். இவர் படம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது, கீழே என்ன போடுவது என்று தெரியாமல் இரண்டு ரோஜாப்பூ போட்டிருந்தார்கள். மேனேஜர் பொன்னாடை போர்த்தினார். தொப்பி மட்டும் புதுசு. உப்புக் கதையை மைக்கில் மறுபடி சொன்னார். கை தட்டினார்கள். பிறகு பெரிய மனசு பண்ணி அறிவித்தார்: இன்றைக்கு அவருக்கு எந்த இடம் வேண்டுமோ அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும். நாலு பேரும் சதுரத்தைக் காலி பண்ணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். அந்தக் காலேஜ் பையனும்தான், இப்போது தொப்பையோடு.

இவர் பொன்னாடையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கிளவுஸை மாட்டிக்கொண்டு கோடுவரை போனார். அங்கே நின்றுவிட்டார். முன்னால் நாலு இடமும் வெறுமனே கிடந்தது. இவர் திரும்பி அந்த நாலு பேரையும் பார்த்தார்.

"யாரு வரல?" என்றார் மெதுவாக.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜருக்குச் சிரித்து இருமலே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தமாஷ் பண்ணவில்லை என்பது அவரோடு குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இல்லாதவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கோட்டுக்குப் போனேன். "எல்லாரும் வந்துட்டாங்கய்யா," என்றேன். "நீ போய் ஷார்ட்ல நில்லு."

போனார். காலால் மண்ணைத் தள்ளிச் சமன் பண்ணினார். மற்ற மூன்று பேரும் உள்ளே போய் அவரவர் மூலையில் நின்றார்கள். இவர் செகண்ட் பக்கம் திரும்பி ஆள் இருக்கிறானா என்று பார்த்தார். இருந்தான். தேர்டு பக்கம் பார்த்தார். அங்கேயும் இருந்தான். அதற்கப்புறம்தான் தேய்ந்த முட்டியை மடக்கிக் குனிந்து, கிளவுஸைத் தரையோடு வைத்துக்கொண்டார்.