அண்ணையின் பந்துகள் தாமே ஏறி வந்தன

எங்கள் அண்ணை அளவெட்டியில் பிறந்தவர். ஐந்து பேரில் மூத்தவர் அவர், கடைசி நான். அப்பா காலமானபோது நான் கைக்குழந்தை. படிப்பைப் பாதியில் விட்டு ஜேர்மனிக்குப் போனவர், அங்கே சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி எங்களை ஒவ்வொருவராக நாட்டைவிட்டு வெளியே எடுத்தார். பிறகு லண்டன் வந்து, அண்ணியைக் கைப்பிடித்து, ரெய்னர்ஸ் லேனில் வீடெடுத்து, தமிழ்க் கடைகளுக்கு வான் ஓட்டிச் சாமான் போட்டார். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் முன்னறையில் வெள்ளைத் துணியால் மூடிய பெட்டியொன்றைப் பார்த்திருப்பீர்கள். "உது சூதாடுற மெசின்" என்று யாரோ குசுகுசுத்ததும் என் காதில் விழுந்தது. சூதில்லை. அது பச்சிங்கோ, யப்பானிய விளையாட்டு. நிமிர்ந்த பலகையில் நிறைய ஆணிகள். கைப்பிடியைத் திருப்பினால் சின்ன இரும்புப் பந்துகள் மேலே பாய்ந்து, ஆணிகளில் தட்டுப்பட்டுக் கீழே விழும். கடையை மூடிய ஒரு யப்பானியர் அண்ணைக்குச் சும்மா கொடுத்தது. யுத்தம் முடிந்த இந்த வருடம் எங்களுக்கெல்லாம் எப்படிப் போனதென்று நான் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து போன் வராத அந்த மாதங்களில் அண்ணை எங்களோடு ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மெசினுக்கு முன்னால்தான் இருந்தார்.

விளையாட்டுக் கூடங்களில், விழுந்த பந்துகளைச் சேர்த்துத் திரும்ப மேலே அனுப்ப மெசினுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கும். வீட்டில் அது இல்லை. பந்துகள் பின்பக்கத்தால் வாளிக்குள் கொட்டும். குனிந்து, வாளியைத் தூக்கி, மேல் தட்டில் ஊற்றவேண்டும். அண்ணைக்கோ போன வருடம் இதயத்தில் ஒப்பரேசன். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

"அப்பா, நான் ஊத்துறன்" என்றாள் மகள்.

"வேண்டாமம்மா. நீ போய்ப் படி."

"ஒரு வாளி தூக்கினா நான் தேஞ்சு போவனே?" என்று அண்ணி கேட்டார்.

"உமக்கேன் கரைச்சல்?"

ஒருவரிடமும் கேட்காமல் இருப்பதற்காகவே, பந்துகளை மேலே ஏற்றும் ஏற்பாட்டைத் தானே செய்யத் தொடங்கினார். பொறியியல் படிக்கிற நான் சொல்கிறேன், அவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை! மழைத்தண்ணி ஓடும் கூரைப் பீலியை நீளவாக்கில் அறுத்து, மெசினுக்குப் பின்னால் சரித்து வைத்தார். சத்தம் வராமலிருக்க உள்ளே பழைய சுவெற்றர் துணி. பந்துகள் உருண்டு வந்து சேரும் மூலையில் ஒரு ரப்பர் பட்டி, அதில் வரிசையாக இருமல் மருந்துக் கரண்டிகள். பட்டி சுற்ற, கரண்டிகள் பந்துகளை அள்ளிக்கொண்டு மேலே போய்த் தட்டில் கொட்டும். மோட்டர், அண்ணியின் கிரைண்டரிலிருந்து கழற்றியது.

"இனி உளுந்துக்கு என்ன செய்யிறது? உந்தப் பந்தைத்தான் தோசையா ஊத்தவேணும்" என்றார் அண்ணி.

"நல்லா முறுகும்" என்றார் அண்ணை.

கரண்டிகள் முதலில் பந்துகளைச் சுவருக்கு எறிந்தன. பட்டி வழுக்கியது. பீலியின் வளைவில் பந்துகள் சிக்கின. ஒவ்வொரு முறையும் கழற்றி, தேய்த்து, திரும்பப் பூட்டினார். ஒருநாள் எல்லாம் ஓடியது. வாளி வெறுமையாகக் கிடந்தது. "பாத்தியே, ஒருத்தரும் தேவையில்லை" என்றார். நான் கைதட்டினேன்.

ஐப்பசியில் அண்ணை போய்விட்டார். அவரோடு சாமான் வானில் வேலை செய்த ரவி அண்ணை செத்தவீட்டில்தான் வாயைத் திறந்தார். கடைசி ஒரு கிழமையாக அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசிமூட்டையில் குந்திக் குந்தி எழும்பினாராம். "வீட்டை சொல்லாதை, பாவங்கள் பயந்திடுங்கள்" என்றாராம்.

அண்ணையின் இந்த நினைவு மலருக்கு எழுதத் தொடங்கியபோது பெரியப்பா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, 'ஒருத்தருக்கும் பாரமில்லாமல் வாழ்ந்தவர்' எண்டு கட்டாயம் போடு."

"போடமாட்டன், பெரியப்பா."

"ஏனடி, அது பொய்யே?"

"உண்மை எண்டபடியாத்தான்."

அவர் போனை வைத்துவிட்டார். பெரியப்பா மன்னிக்க வேண்டும். அந்த ஒரு வரியை நாங்கள் எல்லாரும் வாழ்நாள் முழுக்க அண்ணைக்குச் சொல்லிச் சொல்லி வந்தோம். அவரும் அதைக் காப்பாற்றினார். இப்போது அதே வரியை அண்ணிக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். "நீர் தைரியமான பொம்பிளை" என்கிறோம். அவரும் "எனக்கு ஏலும்" என்று சொல்லிக்கொண்டு முதியோர் இல்லத்தில் ஷிப்டுக்குப் போகிறார். போன கிழமை குசினியில் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்ததை மகள் சொல்லித்தான் அறிந்தேன். கேட்டால், "ஒண்டுமில்லை, நித்திரை காணாது." அண்ணையின் அதே குரல். எனக்குப் பயமாக இருக்கிறது.

நன்றி சொல்லும் இடம் இது. சாப்பாடு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், கிரியைகளை முன்னின்று செய்தவர்களுக்கும், சட்டனிலிருந்தும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் வேலையை விட்டு ஓடிவந்த உறவுகளுக்கும், உண்மையைச் சொன்ன ரவி அண்ணைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அண்ணியின் தைரியத்தைப் புகழாதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தார். தாள்களை மடித்து என் கையில் தந்தார். ஷிப்டுக்குப் புறப்பட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலையில் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"டொக்டரிட்டைப் போகவேணும். எனக்குத் தனியப் போக ஏலாது. நீ வாறியே?"

அப்படிக் கேட்டதற்காக, அண்ணிக்கு எங்கள் எல்லாருடைய நன்றி.