புனிதா மறுத்த பக்கம்

புனிதா அக்கா நாளிதழை விரித்துப் படிப்பதில்லை. நான்காக மடித்து, அதையும் இரண்டாக்கி, ஒரே ஒரு செய்தி உள்ளங்கையளவுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வார். அதை முடித்த பிறகுதான் மடிப்பைத் திருப்பி அடுத்ததற்குப் போவார். கடைசியில் தாளை மேசைமேல் பரப்பி, சூடான தேநீர்க் குவளையின் அடியால் மடிப்புகளை அழுத்தித் தேய்ப்பார். தாள் அவருடையதல்ல, நான்காம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுடையது. யாரும் தொடாததுபோல் மாலையில் என் கைக்கு வரும்.

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபினில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் அவருக்கு ஜாகா வேலை. பன்னிரண்டு மணி நேரக் காவல். ஒரு நாற்காலி, ஒரு தடி. பிறந்தது தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். மதிய அன்னதானத்துக்குப் பின் பட்டிமன்றம். அதில் ஓர் அணிக்குப் பல வருடமாக அக்காதான் தலைவி. வாசலில் வாய் திறக்காதவர், அந்த மேடையில் ஏறினால் ஊரே அடங்கும். அவருக்கென்று இருந்தது அந்த மேடை ஒன்றுதான்.

அங்கே பேசும் பக்கத்தை யாரும் கேட்டு வாங்க முடியாது. அம்மன் சன்னதியில் சுருட்டிய இரண்டு வெற்றிலைகளை வைப்பார்கள். ஒன்றுக்குள் குங்குமம், மற்றதில் திருநீறு. அணித் தலைவர் எதை எடுக்கிறாரோ அதுதான் அம்மன் கொடுத்த பக்கம். மறுப்பவருக்கு அந்த மேடை மறுபடி கிடையாது.

போன வருடம் நானும் கூடப் போயிருந்தேன். தலைப்பு: 'வல்லரசுகளின் அணு ஆயுத மிரட்டல் உலகுக்குக் காவலா, கேடா?' ரஷ்யா தன் அணு ஆயுதக் கொள்கையைத் திருத்தியிருந்த சமயம். அணு ஆயுதமில்லாத நாடு ஒன்று, அது உள்ள நாட்டின் துணையோடு எங்களைத் தாக்கினால் இரண்டும் சேர்ந்து தாக்கியதாகவே கொள்வோம் என்றது புதிய கொள்கை. அந்தச் செய்தி இருந்த தாள் மட்டும் என்னிடம் கசங்கலாகவே வந்தது.

அக்காவின் வெற்றிலையில் குங்குமம் இருந்தது. காவல் பக்கம்.

"ஜாகாவுக்குக் காவல் பக்கம். அம்மனுக்கு ஆள் தெரியுதுலா," என்றார் அதே அணியின் ஜெயபாலன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா வெற்றிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மதியம் அவர் முறை வந்தது. ஒலிவாங்கியைச் சரிசெய்தார். "இந்தப் பக்கம் நான் பேச மாட்டேன்."

நடுவர் இராசையா, ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாணத்து வம்சம். "களைப்போ பிள்ளை? தண்ணி குடிச்சிட்டு வாரும்."

"களைப்பு இல்லைங்க ஐயா. பேச மாட்டேன்."

"இது வாதம். உம்முடைய மனசை ஒருத்தரும் கேட்கேல்லை. எண்பது வருஷமா ஒருத்தரும் அந்தக் குண்டைத் திரும்பப் போடேல்லை. ஏன்? அடிச்சா திருப்பி அடிப்பினம் எண்ட பயம். அதைச் சொல்லும், போதும்."

"சொல்ல வரும் ஐயா. நல்லாவே வரும். அதான் பயமா இருக்கு." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "நான் கையில தடியோட நிக்கிறேன். திருடன் வந்தா அவன அடிப்பேன். நீ வந்தா உன் வீட்டுக்குப் போயி உன் புள்ளைங்கள கொல்லுவேன்னு போர்டு எழுதி மாட்டுனா, இங்க யாராச்சும் என்னைய வேலைக்கு வெப்பீங்களா?"

"திருடன் வரமாட்டான்லா," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது.

"வரமாட்டான் அண்ணே. உங்க புள்ளைய என் பக்கத்துல வெளையாட விடுவீங்களா?"

"வெருட்டிறது மட்டும்தான், செய்யிறதுக்கில்லை எண்டுதானே அவையள் சொல்லுகினம்," என்றார் இராசையா.

"செய்ய மனசில்லன்னா எவன் நம்புவான்? நம்பணும்னா, நெசமாவே செய்யத் தயாரா ஒருத்தன் ராவும் பகலும் உக்காந்திருக்கணும். அந்த ஆளுக்காக நான் பேசணுமா? மாட்டேன்."

கோயில் தலைவர் சீனி மேடையேறினார். கோபமாகப் பேசவில்லை. "அக்கா, அம்மன் முன்னால எடுத்த வெத்தல. மாட்டேன்னா இனிமே மேடை கெடையாது. யோசிச்சுக்குங்க."

"மெரட்டுறீங்களா சீனி?"

"வழக்கத்த சொல்றேன்."

"சரி. மேடைய எடுத்துக்குங்க."

ஒலிவாங்கியை மேசையில் படுக்கவைத்துவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் முன்வரிசையில், நடுவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பட்டிமன்றம் முடியும்வரை அசையவில்லை. ஜெயபாலன் தனியாக நன்றாகவே பேசினார். ஆனாலும் அணி தோற்றது. போகும்போது அக்கா காதில் விழும்படி, "படிக்காம வந்துட்டுப் பெரிய பேச்சு," என்றார்.

ஈப்போவுக்கு என் காரில்தான் திரும்பினோம். வழியில் பீடோரில் நிறுத்தச் சொல்லிக் கொய்யா வாங்கினார். எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தானும் கடித்தார்.

"அம்மன் கோவிச்சுக்காதாக்கா?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். அவளுக்கும் நாலு கையில ஆயுதம் இருக்கு. எதிரி ஊரு புள்ளைங்கள கொளுத்துவேன்னு அவ சொன்னதில்ல."

இந்த வருடத் திருவிழாவுக்கும் போனார். மேடை கொடுக்கவில்லை. முன்வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்தார். தலைப்பு, கைப்பேசியால் நன்மையா தீமையா.

சென்ற மாதம் சிலிபினில் ஓர் உணவுக்கடையில் சீனியைப் பார்த்தேன். போன வருடம் யார் அந்தத் தலைப்பைக் கொடுத்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். கோயில் குழு போன வருடமே கைப்பேசியைத்தான் முடிவு செய்திருந்ததாம். அணு ஆயுதம்தான் வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு வாங்கியது புனிதா அக்கா. குழு இறங்கி வந்ததும், எந்தப் பக்கம் விழுந்தாலும் பேசுவேன் என்று அம்மன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்.

"அன்னிக்கு மேடையில நான் அத சொல்லியிருக்கலாம்," என்றார் சீனி. "எனக்கு மனசு வரல தம்பி."