கோட்டின்மேல் முளைத்த கறுப்பு

மும்பை செம்பூரில் ஒரு சின்ன லேபில் மைக்ரோபயாலஜி டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் சந்தில் இருக்கும், கட்டடம் கட்டடமாகப் போய் இட்லி விற்கும் செல்வி அக்காவுக்கு வலது காதில் வருஷக்கணக்காகச் சீழ். செவிப்பறையில் ஓட்டை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டை டாக்டர் எழுதிக் கொடுக்க, என்னை நம்பி எங்கள் லேபுக்கே வந்தார். காதில் பஞ்சுக் குச்சியால் எடுத்த ஸ்வாபைக் கிருமி வளரும் பிளேட்டில் கோடு கோடாக இழுத்து வைத்தேன். மறுநாள் பச்சை நிறம், திராட்சை வாசனை: சூடோமோனாஸ் பாக்டீரியா. இன்னும் ஒரு நாள் விட்டதும் கறுப்புப் பொடி தூவியதுபோலப் பூஞ்சை. மழைக்காலத்தில் காற்றிலிருந்து பிளேட்டில் பூஞ்சை விழுவது எங்களுக்குப் பழகிப்போன தொல்லை. கன்டாமினேஷன் என்று தூக்கிப் போட்டுவிட்டு, பாக்டீரியாவை மட்டும் எழுதி அனுப்பினேன்.

டாக்டர் அதற்குச் சொட்டு மருந்து கொடுத்தார். சீழ் குறைந்தது, ஆனால் அரிப்பு கூடிக் காது அடைத்துக்கொண்டது. அக்கா மறுபடி வந்தார்.

“மூணாம் மாடியில இருந்து கூப்பிட்டா காதுல விழமாட்டக்கு தம்பி. நான் பாட்டுக்குப் போயிருதேன். இட்லிக்காரிக்குத் திமிருன்னு சொல்லுதாவ. நாந்தான் நடுவுல தலைக்குக் குளிச்சிட்டேன், அதான் மருந்து பிடிக்கல.”

இரண்டாவது ஸ்வாபிலும் அதே கறுப்பு. எங்கள் லேப் மேடம், மாட்டுங்காவில் இருக்கும் தமிழர், பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“காத்துல வந்ததுன்னா அங்கங்க விழும். இது நீ இழுத்த கோட்டு மேலயே வரிசையா இருக்கே. போன தடவையும் இப்படித்தானா?”

இப்படித்தான். பார்த்தும் இருந்தேன். ஆமாம் மேடம் என்றேன்.

ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. பாக்டீரியா மருந்து ஊற்ற ஊற்ற அதற்கு இடம் காலியாகியிருக்கிறது. மேடம் டாக்டருக்குப் போன் செய்தார். என்னைத் திட்டவில்லை, அக்காவிடம் நீயே சொல் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் போய், முதல் தடவையே இருந்த பூஞ்சையை நான்தான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இட்லித் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“அப்ப நான் குளிச்சதால இல்லியா? அதுல இருந்து தலைக்கே குளிக்கலியே தம்பி. நாறுதுன்னு எம் மவ பக்கத்துல படுக்க மாட்டக்கா.” பிறகு சிரித்தார். “நல்லாப் படிச்ச போ. இன்னிக்குக் குளிச்சிரலாமா?”

பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொண்டால் என்றைக்குமே குளித்திருக்கலாம். அதையும் சொன்னேன்.

பூஞ்சை மருந்தில் அரிப்பு நின்றது. செவிப்பறை ஓட்டை அப்படியே இருப்பதால் மூன்றாம் மாடிக் குரல் இன்னும் சரியாகக் கேட்பதில்லை. பிளேட் கறுத்தால் தூக்கிப் போடுமுன் கோட்டைப் பாருங்கள்.