நம்ம பஸ்ஸும் எங்க ஸ்டாப்பும்

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள் போன வாரம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ‘நான் போற்றும் மதிப்புகளும் நான் சார்ந்த குழுக்களும்’ என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“அத்தா, நீ காலேஜ்ல எந்த குரூப்புல இருந்த?” எங்கள் வீடுகளில் அப்பா என்றால் அத்தா.

“காமர்ஸ்” என்றேன்.

“படிச்ச குரூப்பு இல்ல அத்தா. சேந்து இருந்த குரூப்பு.”

நல்லவேளை, அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகைப் போட்டுத் தப்பித்தேன். அவள் போய்விட்டாள். எனக்குத்தான் தாளிப்பு வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ டீசல் வாசனை வந்தது. டீசலோடு மழையில் நனைந்த ரெக்சின் சீட், பையில் கவிழ்ந்த புளிச்சோறு, யாரோ தலையில் வைத்திருந்த கனகாம்பரம் எல்லாம் வந்தன. கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, தெரியும். ஆனாலும் நினைவில் மணக்கிறது, நான் என்ன செய்ய?

உங்களுக்கு உத்திரமேரூர் தெரியாவிட்டால் பாதகமில்லை. ஒரு பெரிய ஏரி, நெல் மூட்டைகள், கோயில்கள், ஒரு பஜார் தெரு. சபையில் யார் சேரலாம், யார் சேரக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்துவிட்ட ஊர். வெளியூர்க்காரர்கள் அதைப் படம்பிடிக்க வருவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பஜார் தெருவில் என் அத்தாவுக்கு மளிகைக் கடை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் ‘நாம’ என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஜமாத்தில் நாம, வியாபாரிகள் சங்கத்தில் நாம, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டும்போது நாம. எல்லாமே நான் பிறக்கும் முன்பே என்னைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டவை. நானாகப் போய்ச் சேர்ந்த முதல் ‘நாம’, காலை ஏழு மணி பஸ்ஸின் கடைசி சீட்டு.

அதற்குப் பெயரில்லை, சந்தா இல்லை. ‘ஏழு மணி வண்டிப் பசங்க’ என்பார்கள். ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டுவோம். கடைசி சீட்டில் தாளம் போட்டுப் பாடுவோம். ஒருவருக்கு அடி விழுந்தால் எல்லோரும் இறங்குவோம். அடி விழுந்ததேயில்லை என்பதால் அந்த வீரம் கடைசிவரை பழுதில்லாமல் இருந்தது. எனக்கு அங்கே ‘பாய்’ என்று பெயர். மற்றவர்களுக்கெல்லாம் சொந்தப் பெயர் இருக்க எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அப்போது தோன்றவில்லை. பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று பூரிப்பாக இருந்தது.

பாஸ்கரும் சாலமோனும்தான் அந்த சீட்டின் தூண்கள். இருவரும் வழியில் ஒரே கிராமத்தில் ஏறுவார்கள். பாஸ்கர் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை. நெல் மெஷின், கிணறு, டிராக்டர் எல்லாம் உண்டு. ஆனால் அலட்டல் கிடையாது, கொண்டுவரும் சோற்றை முதலில் மற்றவனுக்கு நீட்டுகிற ஜாதி. (பாருங்கள், எந்தச் சொல் வந்து விழுகிறதென்று.) சாலமோன் அதே கிராமத்தின் காலனியைச் சேர்ந்தவன். அவன் அம்மாவும் அப்பாவும் பாஸ்கர் வீட்டு நிலத்தில் உட்பட எல்லார் நிலத்திலும் கூலி வேலை செய்தவர்கள். காலனியில் சின்னதாக ஒரு சர்ச் உண்டு. அங்கே பாடிப் பழகிய குரல் சாலமோனுக்கு. அவன் பாட ஆரம்பித்தால் கண்டக்டரே சில்லறை கொடுக்க மறந்துவிடுவார். வேண்டுமென்றே மறந்தாரோ என்னவோ.

உத்திரமேரூரிலிருந்து போகும்போது முதலில் காலனி வரும். அப்புறம், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி, ஊர் வரும். பஸ் காலனியில் நிற்காது. சாலமோனும் காலனி ஜனங்களும் அவ்வளவு தூரமும் நடந்து ஊர் ஸ்டாப்புக்கு வந்து ஏறவேண்டும். மழை நாளில் பஸ்ஸுக்குள்ளிருந்து நாங்கள் பார்ப்போம், சாலமோன் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான். “ஓட்றா ஓட்றா” என்று ஜன்னலில் கத்துவோம். அவனும் சிரித்துக்கொண்டே ஓடுவான். இதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஏன் அங்கே நிற்பதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரோடு வளைவு, டைமிங், டீசல். உண்மையான காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலனியில் நின்றால் காலனிக்காரர்கள் முதலில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் ஏறுகிறவர்கள் நிற்கவேண்டும்.

இரண்டாம் வருஷம் கூட்டம் தாங்க முடியாமல் போனது. படியில் தொங்கிக்கொண்டு போனோம். கடைசி சீட்டு கூடிப் பேசியது. இன்னொரு பஸ் வேண்டும், காலனியில் ஸ்டாப் வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள். இரண்டாவதைச் சொன்னவன் சாலமோன் இல்லை, பாஸ்கர்தான். “நம்ம பையன் மழைல ஓடி வரான்டா” என்றான். அவன் அதை மனசாரத்தான் சொன்னான். இத்தனை வருஷம் கழித்தும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்டில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ஆதரவாகக் கடைகளை அடைக்கச் சொல்லி ஒரு கோஷ்டி பஜார் தெருவுக்குப் போனது. என் கிரகம், அந்த கோஷ்டியில் என்னைப் போட்டிருந்தார்கள். மற்ற கடைகளில் வீராவேசமாகப் பேசிவிட்டு எங்கள் கடை வாசலுக்கு வந்தபோது பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

“இன்னாடா?” என்றார் அத்தா.

“கடையடைப்பு அத்தா. கொஞ்ச நேரந்தான்.”

“யாரு சொன்னது?”

“நாங்கதான்.”

“சங்கம் சொன்னா சாத்துவேன். ஜமாத்துல சொன்னா சாத்துவேன். நாங்கன்னா யாருடா?”

எனக்குப் பின்னால் சாலமோனும் பாஸ்கரும் நின்றார்கள். அத்தா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கடையை மூடுகிற மரப்பலகைகளில் பாதியை மட்டும் எடுத்து வரிசையாகச் சொருகினார். “பாதி சாத்திக்கீது. பாதி தொறந்துகீது. எவன் எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் அவனுக்குத் தோதாத் தெரியும். போ.”

அப்போது எனக்கு அவமானமாக இருந்தது. கொள்கையே இல்லாத மனுஷன் என்று நினைத்தேன்.

மறியல் ஜெயித்தது. டெப்போவிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான், வெயிலில் நின்றுகொண்டே மனுவைப் படித்தார். “இன்னொரு வண்டி வுட்டுடலாம்பா. இந்த ஸ்டாப்பு விஷயம் ஊர்க்காரங்க ஒத்துக்கணும். அங்கதான் பேஜார். உங்கள்ல அந்த ஊரு யாரு?”

எல்லோரும் பாஸ்கரைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான். அவன் அப்பாதான் அங்கே ஊர்க்காரர்களில் முதல் ஆள். “மொதல்ல பஸ்ஸ வுடுங்க சார். அது அப்புறம் பேசிக்கலாம்” என்றான். பசங்கள் விசிலடித்தார்கள். சாலமோனும் கைதட்டினான்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து வெறும் வயிறு, தலை கிறுகிறுத்தது. அதுகூடக் காரணமாக இருக்கலாம். “சார், அப்ப ஸ்டாப்பு?” என்றேன்.

விசில் நின்றது. சாலமோன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “வுட்றா.”

அதிகாரி, “நீ எந்த ஊரு தம்பி?” என்றார்.

“உத்திரமேரூரு. பஜார் தெரு.”

“பின்ன உனக்கு இன்னாப்பா அந்த ஸ்டாப்பு?”

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தபோது பாஸ்கர் என்னிடம் வந்து, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான்: “நீ எந்தப் பக்கம்டா பாய்?”

நியாயத்தின் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாளிலிருந்து கடைசி சீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்து, முன்னால் டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் உட்கார்ந்தேன். என் கணக்குப்படி ஊர் ஸ்டாப்பில் சாலமோன் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்காரவேண்டும். அவன் ஏறினான். என்னைப் பார்த்தான். நேராகக் கடைசி சீட்டுக்குப் போய், அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினான். அவனுக்காக வெளியே வந்த நான், முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவன் பின்னால் அவர்களோடு பாடிக்கொண்டிருந்தான். எங்கேயோ கணக்கு தப்பிவிட்டது. பி.காம். மாணவனுக்கு அது பிடிபடவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் ஊர் ஸ்டாப்பில் அவனோடு இறங்கினேன். கலங்கல் வரை நடந்தோம். ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“எம்மேல கோவமா?” என்றேன்.

“உன்ன யாருடா கேக்கச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? தப்பு தப்புதானே?”

“தப்புதான். எனக்குத் தெரியாதா? ஆனா நீ அத்த சொல்லிட்டு பஜார் தெருவுல எறங்கி உன் வூட்டுக்குப் பூடுவ. நான் இதே ஊரு ஸ்டாப்புல எறங்கி, இவுங்கள தாண்டித்தான் நடக்கணும்.”

“அதுக்குன்னு கைதட்டுவியா?”

அவன் நின்றான். “அது நம்ம பஸ்ஸு. நானுந்தான் குந்திக்கினு போராடனேன், தட்டுவேன். ஸ்டாப்பு எங்களுது. ரெண்டையும் வேற வேறயா வெச்சிருந்தேன் பாய். நீ கலக்கிவுட்ட.”

வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் அம்மா டீ கொடுத்தார். வெல்லம் போட்ட கறுப்பு டீ. “பஸ்ஸாண்ட எங்க ஸ்டாப்புக்காகப் பேசன புள்ள நீதானா?” என்று கேட்டுச் சிரித்தார். அது பாராட்டா கிண்டலா என்று கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். சரி என்று பட்டதைச் சொன்னேன், சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. அத்தாவின் பாதி பலகையைத் திட்டிய நான் இப்போது எதில் முழுசாக இருக்கிறேன்?

அந்த வருஷம் நடவு தொடங்கிய சமயம். வழக்கம்போல முன் சீட்டில் இருந்தேன். காலனி வளைவில் வண்டி சடாரென்று நின்றது, என் நெற்றி கம்பியில் இடித்தது. ரோட்டின் குறுக்கே பெண்கள். எல்லோர் கையிலும் தூக்குச்சட்டி. வேறு ஊருக்கு நடவுக்குப் போகிறவர்கள். நடுவில் சாலமோனின் அம்மா.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னாம்மா, சாவணுமா?” என்று கத்தினார்.

“இல்ல, ஏறணும்” என்றார் அவர்.

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவு திறந்தது. கடைசியாக சாலமோன் ஏறினான். அம்மாவைத் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பின்னால் போனான்.

அடுத்து ஊர் ஸ்டாப். ஏறியவர்கள் நிறைந்திருந்த சீட்டுகளைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருவர் கண்டக்டரிடம் சண்டைக்கே போனார். பாஸ்கர் படியில் கால் வைத்தபடி நின்றுவிட்டான். பின்னாலிருந்து சாலமோன் குரல் கொடுத்தான்: “பாஸ்கரு, வாடா. எடம் போட்டு வெச்சிக்கீறேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் அவன் பக்கத்தில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. பாஸ்கர், “இல்ல, நான் நின்னுக்கறேன்” என்றான். முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று அந்த முகத்தை நான் பலமுறை நினைவில் எடுத்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. சாலமோன் கைக்குட்டையை எடுக்கவில்லை. வேறு யாரையும் உட்கார விடவுமில்லை. அடுத்த ஊரும் போயிற்று. அப்புறம் பாஸ்கர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், கைக்குட்டையை மடித்து சாலமோன் பையில் சொருகிவிட்டு உட்கார்ந்தான்.

“டே பாய், நீ இன்னா அங்க குந்திக்கினு கீற? வா” என்று சாலமோன் கத்தினான். போனேன். எதை விட்டு வெளியே வந்தேன், எதற்குள் திரும்பிப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டேதான் போனேன். இடமில்லை, அவர்கள் இருவருக்கும் முன்னால் நின்றுகொண்டே காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு யாரும் பாடவில்லை. மறுநாள் பாடினார்கள்.

அதற்கப்புறம் வண்டி காலனியில் நின்றது. உத்தரவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை, நின்றது, அவ்வளவுதான். பாஸ்கர் இப்போது ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். சாலமோன் வேறு ஜில்லாவில் பள்ளிக்கூட வாத்தியார். என் நிக்காஹ்வுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். பிரியாணிக்கு முன்னால் சாலமோன் பாடினான். ஸ்டாப்பைப் பற்றி நாங்கள் மூவரும் இன்றுவரை பேசியதில்லை. பேசினால் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பயம்.

சில மாதங்களுக்கு முன் அந்த வழியாகப் போனபோது ஸ்கூட்டரை நிறுத்தினேன். ரோட்டை அகலமாக்கிப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். காலனியில் நிழற்குடை கட்டி, வழவழவென்று கிரானைட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். காலை நேரம். ஒவ்வொரு கல்லூரியின் பஸ்ஸும் தனித்தனியாக வந்தது. காலனிப் பிள்ளைகள் அங்கேயே ஏறிக்கொண்டார்கள். கலங்கலுக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் வேறு வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் நடக்கவில்லை, யாரும் ஓடவில்லை, எல்லோருக்கும் சீட்டு. நல்லதுதான்.

பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அம்மாவிடம், “ஏழு மணி வண்டி போயிடுச்சா?” என்று கேட்டேன்.

“எந்த வண்டி? காஞ்சிபுரம் போறதா?” அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அத்த எப்பவோ நிறுத்திட்டாங்களே. கூட்டமே இல்லன்னு.”